பிரிக்காதே என்று அக்கா சொன்ன தலையணை

1

இன்று காலை பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர், காகிதக் கைக்குட்டையை நீட்டி, நெற்றியில் ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். இன்று சாம்பல் புதன், இது கோயிலில் பூசியது என்று சொல்ல வாயெடுத்தேன். இருபத்திரண்டு வருடமாகப் பேசுகிற இங்கிலீஷ், வேண்டிய நேரத்தில் மட்டும் என்னைக் கைவிட்டுவிடும். ‘தேங்க்யூ’ என்று வாங்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். அவருக்கு ஒரே நிம்மதி. துடைத்த பிறகுதான் என்ன காரியம் செய்தேன் என்று உறைத்தது. அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

உத்தமபாளையம் பக்கத்தில் எங்கள் ஊரில் இன்றைக்குத் தெருவே சாம்பல் நெற்றியோடு நடமாடும். கோம்பையிலிருந்து தீவன மூட்டை ஏற்றி வருகிற டெம்போக்காரர் கோயில் வாசலை மிதித்ததே கிடையாது. அவர்கூட, “என்னத்தா, இன்னைக்கு ஒங்க வீட்ல கறி கெடையாதாக்கும்?” என்று கேலி பேசிவிட்டுத்தான் போவார். முந்தின வருடம் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வாங்கிய தென்னங்குருத்தைச் சிலுவையாக முடைந்து, வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்போம். மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாது. காய்ந்த ஓலைகளை வீடு வீடாகத் திரும்ப வாங்கிக் கோயிலுக்குப் பின்னால் எரிப்பார்கள். அந்தச் சாம்பல்தான் எங்கள் நெற்றிக்கு வரும். நான் இருக்கும் அடிலெய்டில் சாம்பல் பொட்டலமாக வருகிறது. யார் வீட்டு ஓலையோ, எந்த ஊர் மரமோ.

இந்த நாட்டில் என் அக்கா கையால் முடைந்த ஓலை ஒன்றும் எரிந்திருக்கிறது. அதன் சாம்பல் யார் நெற்றிக்கும் போகவில்லை. பேருந்தை விட்டு இறங்கியதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது.

2

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை பார்க்கிறேன். துணி உலர்த்தும் இயந்திரத்தில் ஒரு வலைத்தட்டு உண்டு. போர்வை, சட்டை, கம்பளிக் காலுறை எல்லாவற்றிலிருந்தும் உதிர்கிற தும்பு அதில் வந்து படியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தத் தட்டை இழுத்தேன். மெத்தென்று ஒரு தும்புப் படலம் கையோடு வந்தது. எடையே இல்லை, ஆனால் கதகதப்பாக இருந்தது. போடியில் அக்கா வேலை பார்த்த மெத்தைக்கடையில் இலவம் பஞ்சை அள்ளினால் கைக்கு இப்படித்தான் இருக்கும். நான் நின்ற நிலையைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கூட வேலை செய்தவள் கேட்டாள். தலையை ஆட்டிவைத்தேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அன்று ஒரு பை நிறையத் தும்பை வீட்டுக்கு எடுத்து வந்தேன். கஞ்சி காய்ச்சித் தடவிப் பழைய சேலைத் துண்டில் ஒட்டினேன். காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு கம்பளி இழையோடு கலந்து ஊசியால் குத்திக் குத்திப் பிடிக்க வைத்தேன். அது நின்றது. ஒரு மலை வந்தது. மலை என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும், ஷெரின் அதை யானை என்றாள்.

ஷெரின் என் ஒரே மகள். தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அவள் அப்பா லாரியோடு வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பவர். பேச ஆளில்லாத வீட்டில் கை சும்மா இருக்க மறுத்தது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வேலை முடிந்து திரும்பும்போது தினமும் வேறொரு தெரு வழியாக நடக்க ஆரம்பித்தேன். தெரு ஒவ்வொன்றும் எதையாவது தந்தது. வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பை, யூகலிப்டஸ் மரத்தில் உரிந்து தொங்கும் பட்டை நார், யாரோ அறுத்தெறிந்த ஷூ லேஸ். எல்லாவற்றையும் தும்போடு சேர்த்து இன்னும் சில மலைகள் செய்தேன். ஒரு நாள் ஒரு வீட்டு நாய் வேலிக்கு மேலே பாய்ந்து குரைத்தது. கோம்பை நாய்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்தச் சடைநாய் எம்மாத்திரம்? “ஏலே, சும்மா கெட!” என்று ஓர் அதட்டல் போட்டேன். அடங்கிவிட்டது. வீட்டுக்காரர் வெளியே வந்து, என்ன மொழியில் சொன்னீர்கள், எங்களுக்கு அது அடங்குவதே இல்லையே என்றார். பேச்சோடு பேச்சாக, நாய்க்குச் சீவும்போது வருகிற முடியை எனக்குத் தருவீர்களா என்று கேட்டுவிட்டேன். மனுஷர் முழித்தார். மறுவாரம் ஒரு பை நிறைய வேலியில் தொங்கியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நூலகத்தில் ஏழெட்டுப் பெண்கள் கூடி நூலும் நாரும் வைத்து எதையாவது செய்வோம். ஹெலன் என்ற ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை நடத்துகிறார். போன வருடம் எங்கள் வேலைகளை வைத்து நூலகத்திலேயே ஒரு கண்காட்சி என்று முடிவானது. என் மலைகளை நடுச்சுவரில் மாட்டலாம் என்றார் ஹெலன். இத்தனை வருடத்தில் இந்த ஊரில் எனக்கென்று யாராவது ஒரு சுவரைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தும்பு போதாது, மலைக்கு மேலே நிற்கிற மேகத்துக்கு அசல் இலவம் பஞ்சு வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

3

அக்காவுக்குப் பெயர் பிலோமி. என்னைவிட ஆறு வயது மூத்தவள். போடியில் வாக்கப்பட்டு, அங்கேயே மெத்தைக்கடையில் பஞ்சு சுத்தம் பார்ப்பதும் உறை தைத்து அடைப்பதுமாக இருந்தாள். கடையில் அவள் கைக்குத் தனி மரியாதை. அக்கா பார்த்த பஞ்சில் ஒரு விதை இருக்காது. கேரளாவிலிருந்து வருகிறவர்கள், ‘சேச்சி அடச்சது’ வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போவார்களாம். அதை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல் எனக்குச் சொல்வாள்.

போன் செய்து பஞ்சு வேண்டும் என்றேன்.

“ஏடி சிந்தா, பஞ்சு எதுக்குடி ஒனக்கு? அங்கன கெடைக்காதா?”

“மேகம் செய்யணும்க்கா.”

“மேகமா?” சிரித்தாள். சிரிப்பு நடுவில் நின்றுபோனது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். “வெயிலு ஏறட்டும். காயி வெடிக்கிற நேரந்தான். அனுப்புறேன்.”

குரல் இளைத்திருந்தது. கேட்டதற்கு, “அல்சருடி, தேனியில காட்டி மாத்திர திங்கிறேன்” என்றாள். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. கண்காட்சிக்கு நாள் நெருங்குகிறது அக்கா, சீக்கிரம் அனுப்பு என்று அதற்குப் பிறகும் இரண்டு தடவை நச்சரித்தேன்.

ஒரு நாள் அவள் குரல் பதிவு வந்தது. இன்றும் போனில் இருக்கிறது.

“சிந்தா, பஞ்ச மூட்டையா அனுப்புனா ஆபீசர்மாரு பிடிச்சு வச்சுக்கிருவாகளாம். கூரியர் கடையில சொன்னாக. தலகாணின்னா ஒண்ணும் சொல்ல மாட்டாகன்னு நானா நெனச்சு, தலகாணியாவே தச்சுப் போட்டேன். ஒனக்குப் பிடிச்ச பச்சப் பூவுத் துணி. உள்ள சிலுவை வச்சிருக்கேன், இந்த வருசத்து ஓல. ஏடி, பிரிச்சுக் கிரிச்சுப் போட்டுராத. வச்சுப் படு. நீ பிரிப்பன்னு தெரியும், அதான் பிரிக்க முடியாத மாதிரி தச்சிருக்கேன்.”

வீட்டை விட்டு வெளியூர் போகிறவர்களின் தலையணைக்குள் ஓலைச் சிலுவை வைத்துத் தைப்பது எங்கள் அம்மா காலத்துப் பழக்கம். நான் புறப்பட்ட அவசரத்தில் எனக்கு யாரும் வைக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து அக்கா வைத்தாள்.

“சரிக்கா, பிரிக்க மாட்டேன், வச்சுப் படுக்கிறேன்” என்று பதில் அனுப்பினேன். பொய். மேசையில் கத்தரிக்கோலைத் தயாராக எடுத்து வைத்திருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

4

தலையணை வந்துகொண்டிருக்கும்போதே அக்கா போய்விட்டாள்.

அவள் மகன் ஜான்தான் கூப்பிட்டான். “சித்தி, அம்மா போயிட்டாக.” வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது, மூன்று மாதமாகத் தெரியும். “சித்திக்கிட்டச் சொல்லிறாத, அங்கன தனியாக் கெடந்து அழும்னு சொன்னாக சித்தி. எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக.”

மறுநாள் காலையில் அடக்கம். என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் ஏதோ ஓர் அலுவலகத்தில் கிடந்தது. அது கையில் இருந்திருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். முடியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டு முறை பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன்.

ஜான் போனில் காட்டினான். சலவை அறையில், ஓடும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அக்காவை வெள்ளைச் சேலையில் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தலைக்கு அடியில் நுரை ரப்பர் தலையணை. பெட்டியோடு சேர்ந்து வருகிறது, ஓரத்தில் நைலான் சரிகை வைத்தது. போடியில் எத்தனையோ வீட்டுக்குத் தலையணை அடைத்தவள், கடைசியில் கடையில் வாங்கின நுரை ரப்பரில் தலை வைத்துப் போகிறாள்.

“ஜான், அம்மா தச்ச தலகாணி வீட்ல ஒண்ணுமே இல்லையாப்பா?” என்று கேட்டேன்.

“வீட்ல இருந்ததெல்லாம் பழசு சித்தி, அழுக்கா இருக்குன்னு பெரியவுக வேணாம்னுட்டாக. புதுசாத் தச்சது ஒண்ணுதான். அத ஒங்களுக்கு அனுப்பிட்டாக.”

மேகத்துக்காக நான் கேட்டு வாங்கியது அவள் தலைக்கு இருந்திருக்க வேண்டியது.

5

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. பார்சலில் தாவரப் பொருள் இருப்பதாகச் சந்தேகம், நிறுத்தி வைத்திருக்கிறோம், இத்தனை நாளுக்குள் வந்து பதில் சொல்லாவிட்டால் அழித்துவிடுவோம் என்று. இந்த நாட்டில் வெளிநாட்டு விதைக்கும் இலைக்கும் அப்படி ஒரு பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை.

முதல் சிக்கல் பெயரில். பார்சலில் அக்கா கொடுத்த பெயர் ‘சிந்தா’. என் ஆவணம் எதிலும் அப்படி ஒரு ஆள் கிடையாது. எல்லாவற்றிலும் ஜெசிந்தா, பின்னால் என் கணவரின் குடும்பப் பெயர். சிந்தா என்பவள் நான்தான் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது உலகத்திலேயே ஒருத்திதான். இங்கே மருந்துக்கடைக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போடலாம். கடைசியில் அப்படி ஒருவர் முன்னால் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நான் சிந்தா ஆனேன்.

ஷெரின் கூட வந்தாள். எனக்கு அன்று இங்கிலீஷ் வராது என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. அதிகாரி சின்ன வயதுக்காரர், நீலக் கையுறை போட்டிருந்தார். தலையணையை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பச்சைப் பூ போட்ட உறை. மூலை நான்கும் கூராக, அக்கா தைக்கிற மாதிரியே. தொடக் கூடாது என்றார்.

ஓரத் தையலில் பிளேடை வைத்து இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். பிறகு பிளேடை மாற்றினார். அக்கா சொன்னபடியேதான் தைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வெட்டிய இடத்தில் பஞ்சு புசுபுசுவென்று வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. அதோடு விதைகள். மிளகு போலக் கறுப்புக் கறுப்பாக, தட்டு முழுக்க உருண்டன. ஒன்று இரண்டு இல்லை, கைப்பிடி கைப்பிடியாக. அதிகாரி அவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பார்த்த பஞ்சில் ஒரு விதை இருக்காது. விதை பொறுக்கக்கூட முடியாத உடம்போடு உட்கார்ந்து இதை அடைத்திருக்கிறாள். நான் சீக்கிரம் சீக்கிரம் என்று போன் போட்ட நாட்கள் அவை. அவளுக்கு எவ்வளவு முடியாமல் இருந்தது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, அந்த விதைகள் சொல்லின.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடத்திலும், கிழிந்த உறையும் பிதுங்கிய பஞ்சும் கறுப்பு விதையும் நூலகத்து நடுச்சுவரில் எப்படி இருக்கும் என்று என் கண் ஒரு தடவை அளந்து பார்த்தது. அந்தக் கண்ணைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது.

கடைசியாக அவர் ஒரு இடுக்கியால் ஓலைச் சிலுவையை எடுத்தார். இன்னும் முழுசாகக் காயாமல் இளம் மஞ்சளாக இருந்தது. இது என்ன என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ஷெரின் பதில் சொன்னாள். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து கோயில் பக்கம் போகாதவள், அது குருத்தோலை, என் பெரியம்மா முடைந்தது, அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன். அதிகாரி இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, மன்னியுங்கள் என்றார். உறையை மட்டும் கதிர்வீச்சில் சுத்தம் செய்து திருப்பித் தரலாம், பஞ்சையும் ஓலையையும் தர வழியே இல்லை என்றார்.

“எப்படி அழிப்பாகன்னு கேளு.”

கேட்டாள். “சில சமயம் ஆழமாப் புதைப்பாங்க, சில சமயம் பர்ன் பண்ணுவாங்களாம்மா.”

“குழியில போட வேணாம்னு சொல்லு. எரிக்கச் சொல்லு. மந்திரிச்ச ஓலைன்னு சொல்லு.”

ஷெரின் அதை எப்படிச் சொன்னாளோ தெரியாது, நீளமாகச் சொன்னாள். அவர் தலையசைத்துப் படிவத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார். மூன்று வாரம் கழித்து உறை தபாலில் வந்தது. கூடவே ஒரு தாள்: மற்றவை உயர் வெப்பத்தில் எரிக்கப்பட்டன.

6

உறையை நூலகத்துக்குக் கொண்டுபோனேன். ஹெலன் அதை விரித்து, பிளேடு போன தடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். கண் கலங்கியது. இதை இப்படியே மாட்டு, வெட்டோடு, அலுவலக முத்திரைத் தாளோடு மாட்டு, வேறெதுவும் வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரிதான் என்பது எனக்கும் தெரிந்தது. என் மலைகளையெல்லாம்விட அது நன்றாகவே இருந்திருக்கும். வருகிறவர்கள் நின்று பார்த்திருப்பார்கள்.

ஒரு வாரம் யோசித்தேன். வச்சுப் படு என்றுதானே சொன்னாள்.

மாட்டவில்லை. ஏற்கெனவே மாட்டியிருந்த மலைகளையும் சுவரிலிருந்து இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஹெலனுக்கு வருத்தம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரையில் உட்கார்ந்து மலைகளைப் பிய்த்தேன். முதியோர் இல்லத்துத் தும்பு, நாய் முடி, பட்டை நார், வலைப்பை, ஷூ லேஸ், நான் நடந்த தெருக்கள் எல்லாவற்றையும் அந்த உறைக்குள் அடைத்தேன். ஷெரின் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன் பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டரை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். அதையும் பிரித்துப் போட்டேன்.

வெட்டைத் தைத்து முடிக்க இருட்டிவிட்டது. அக்கா போட்ட தையலைப் பார்த்துப் பார்த்து, மூன்று அடுக்காக, நெருக்கி நெருக்கிப் போட்டேன். என் தையல் எங்கே தொடங்குகிறது என்று இப்போதும் பார்த்தவுடன் தெரியும். அவளுடையது நேராக இருக்கும், என்னுடையது கொஞ்சம் கோணல்.

7

ஷெரின் போன மாதம் சிட்னிக்கு வேலைக்குப் போய்விட்டாள். நேற்று போனில் பேசும்போது நடுவில் தமிழுக்கு மாறி, “அந்தப் பெரியம்மா தலகாணி நல்லா இருக்காம்மா?” என்று கேட்டாள்.

நல்லா இல்லை. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பட்டை நார் கன்னத்தில் குத்துகிறது. மழை நாளில் நாய் வாடை வருகிறது. காலையில் எழுந்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. “நல்லாருக்குடி” என்றேன்.

இன்று மூன்று மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். மடிப்புக்குள் நெற்றிச் சாம்பல் கறுப்பாக ஒட்டியிருந்தது. அக்காவின் சிலுவை இருந்த இடத்தில் இதை வைத்துவிடலாம் என்று தோன்றியது. தலையணையை மடியில் போட்டுக்கொண்டு, தையலைப் பிரிக்கிற ஊசியை எடுத்து என் கோணல் தையலுக்கு அடியில் நுழைத்தேன்.

நூல் இழுபட்டது. ஒரு தையலைப் பிரித்தால் போதும், விரல் உள்ளே போய்விடும்.

ஊசியை உருவி டப்பாவில் போட்டு மூடினேன். காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தலையை வைத்துப் படுத்தேன்.

பிரிக்கலக்கா.